ஈப்பிடிப்பானின் ஊர்

கண்டவுடன் நின்று பார்க்கத் தூண்டும் அழகு எதுவும் அந்தப் பறவைக்கு இல்லை. மயிலின் தோகையோ மீன்கொத்தியின் நீலமோ மாங்குயிலின் மஞ்சளோ அதற்கு வாய்க்கவில்லை. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. வயிறு அழுக்கேறிய வெள்ளை. அலகின் நுனியிலிருந்து வாலின் முனைவரை அளந்தால் 13 சென்டிமீட்டர் தேறும். எடையோ பத்துப் பன்னிரண்டு கிராம்; நம் நாட்டின் பழைய ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே கனம். குரலும் பெரிதன்று. கிளையில் அது அமர்ந்திருக்கும்போது, காய்ந்த இலை ஒன்று உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணியே பலரும் கடந்து போவர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு கடந்து போனவன்தான்.

ஆயினும் அதன் முகத்தை அருகில் நின்று ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கரிய கண். அக்கண்ணைச் சுற்றி ஒரு வெண்ணிற வளையம். ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் சிறுபிள்ளையின் முகம் அது. அலகு அடியில் அகன்று தட்டையாக இருக்கும். அலகின் ஓரங்களில் மீசைபோல் சில விறைத்த மயிர்கள். இலையற்ற சிறு கிளையொன்றைத் தேர்ந்து நிமிர்ந்து அமரும். தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். திடீரென்று பாயும், காற்றில் ஒரு திருப்பம், பறந்துகொண்டிருந்த பூச்சி அலகுக்குள் போய்விடும். மறுகணம் பழைய கிளைக்கோ அதன் பக்கத்துக் கிளைக்கோ திரும்பிவிடும். பிடித்தது பெரிய பூச்சியாயின் கிளையில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கும். பிறகு மீண்டும் அந்தக் காத்திருப்பு.

தமிழ்ப் பறவை நூல்கள் இதனைப் பழுப்பு ஈப்பிடிப்பான் என்கின்றன. நம் வீட்டோரங்களில் வாலை விசிறியாக விரித்து ஓயாமல் ஆடித் திரியும் ஒரு பறவை உண்டு. மலாய்க்காரர் அதனை 'முரை கிலா' என்பர்; 'கிலா' என்றால் பித்து. அதுவும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிப்பதே. ஆனால் அது விசிறிவால் இனம். நம் பறவைக்கு அந்தப் பித்து அறவே கிடையாது. கம்பங்களில் விடியற்காலையில் இனிமையாகப் பாடும் முரைப் பறவையை, தமிழ்நாட்டில் வண்ணாத்திக்குருவி என்று சொல்வார்களே அதனை, இப்போதைய பறவை நூலார் ஈப்பிடிப்பான் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டனர். வாய் திறவாதவன் வீட்டில் பாகவதர் பிறந்த கதைதான்.

இந்தப் பறவையை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவன் என் மாணவன் ஒருவன். அவன் என்னிடம் பெற்றது இருபதுக்கு ஆறு புள்ளி. அந்தக் கணக்கை இன்றுவரை என்னால் நேர் செய்ய இயலவில்லை.

1974ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராகச் சேர்ந்தேன். தகரக் கூரை வேய்ந்த நீண்ட கட்டடம். இடையில் பலகைத் தடுப்புகள். இரண்டாம் வகுப்பில் வாய்பாடு ஒப்புவித்தால் ஐந்தாம் வகுப்பில் இலக்கணம் நின்றுவிடும். பள்ளிக்கு முன்னே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதற்கப்பால் லயத்து வீடுகள். லயத்துக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பால்மரங்கள். நானும் அத்தகைய தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவனே ஆதலால் அச்சூழல் எனக்குப் புதிதன்று. புதிதன்று என்பதனாலேயே நான் அதனை உற்று நோக்கவில்லை போலும்.

அந்தப் பையன் கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்பவன். அதிகம் பேசான். பாடம் நடக்கும்போது அவன் பார்வை சன்னலுக்கு வெளியே போய்விடும். நான்காம் வகுப்பில் இருந்தபோதே அதற்காக அவனைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். தாயும் தந்தையும் பால் வெட்டுக்குப் போகிறவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடும் அவர்களுக்காகத் தம்பி தங்கையரை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவான். உறக்கம் தெளியாத பிள்ளை வெளியே பார்த்துக்கொண்டு கனவு காண்கிறான் என்றே நான் கருதினேன்.

1978 பிப்ரவரியில் ஐந்தாம் வகுப்பு மாணவர்க்கு 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். அவ்வாண்டு இறுதியில் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு. அதற்கான பயிற்சி அது. வந்த கட்டுரைகளைப் படித்து நான் பெருமிதம் கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊரின் நடுவே கோயில், கோயிலுக்குக் கோபுரம், ஊரைச் சுற்றி ஆறு, ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு, அறுவடைக் காலத்தில் பொன்னிறக் கதிர்கள். பதினேழு பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே ஊரைத்தான் எழுதியிருந்தனர். அவர்களுள் ஒருவர்கூட அந்த ஊரைக் கண்டதில்லை. பாட்டன் பாட்டி வாய்மொழியும் பாடநூலும் சேர்ந்து கட்டிய ஊர் அது. நடை நன்றாக இருந்தது, எழுத்துப்பிழை குறைவு. மகிழ்ந்து புள்ளி வழங்கினேன்.

பதினெட்டாவது ஏடு அவனுடையது. எங்கள் ஊரில் ஆறு இல்லை என்று தொடங்கியிருந்தான். பால் கொட்டகை இருக்கிறது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றைக்கு அம்மா வீட்டில் இருப்பார் என்று எழுதியிருந்தான். பிறகு பாதிக் கட்டுரைக்கு ஒரு குருவி. பள்ளி மரத்தின் பட்டுப்போன கிளையில் அது வந்து உட்காரும். பூச்சி பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். வேறு குருவி வந்தால் விரட்டும். இப்போது பால்மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் லயத்துப் பக்கமும் அதனைப் பார்க்கலாம். பெரிய விடுமுறைக்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

நான் சிவப்பு மையில் எழுதினேன்: "தலைப்பை விட்டு விலகியது. தோட்டம் ஊராகாது." இருபதுக்கு ஆறு.

ஏட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகம் மாறவில்லை. புள்ளியைப் பார்த்தான், ஏட்டை மூடினான், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதிருந்தாலோ ஏன் என்று கேட்டிருந்தாலோ நான் அதனை மறந்திருப்பேன். அந்தத் திரும்பல்தான் என்னை உறுத்தியது. பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பின் அவனுடைய இடத்தில் உட்கார்ந்து அவன் பார்க்கும் திசையில் பார்த்தேன். அவன் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பட்டுப்போன கிளை இருந்தது. அதன்மேல் அது இருந்தது. பாய்ந்து சென்று அதே கிளைக்குத் திரும்பியது. நாலு ஆண்டுகளாக அம்மரத்தடியில் மிதிவண்டியை நிறுத்தியவன் நான்.

பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரப் பெரியவரிடம் கேட்டேன். "சம்பார்" என்றார். பாய்ந்து பறித்தல் என்பது அச்சொல்லின் பொருள். வகுப்பில் அதனைச் சொன்னபோது பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளவா என்று கேட்டாள் ஒருத்தி. அவனும் சிரித்தான். அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு ஈப்போ நூலகத்தில் தேடினேன். மலாயாத் தீபகற்பத்துப் பறவைகளைப் பற்றி மெட்வே, வெல்ஸ் என்னும் இருவர் எழுதிய பெருநூல் 1976இல் வெளிவந்திருந்தது. அதிலும் வேறு நூல்களிலும் நான் கண்ட செய்திகள் என்னைத் திகைக்க வைத்தன. எங்கள் பள்ளி மரத்துக் குருவி பிறப்பது இங்கே அன்று. சைபீரியாவின் தென்பகுதி, வடகிழக்குச் சீனம், கொரியா, சப்பான், இமயமலை அடிவாரம் ஆகிய இடங்களில் வேனிற்காலத்தில் இவ்வினம் கூடு கட்டுகிறது. கிடைக்கோடாக நீண்ட கிளையின்மேல் கிண்ணம் போன்ற கூடு. மரப்பாசியை ஒட்டி, கிளையின் புடைப்புப்போல் தோன்றச் செய்துவிடும். குஞ்சுகள் பறக்கக் கற்றவுடன், குளிர் வருமுன், தெற்கு நோக்கிப் புறப்பாடு. பைக்கால் ஏரிக்கு அப்பாலிருந்து பேராவுக்கு நேர்கோடாக அளந்தாலும் 5,000 கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது காசு கனமுள்ள உயிர் அத்தொலைவைக் கடக்கிறது. பறப்பது பெரும்பாலும் இரவில். விண்மீன்களும் நிலத்தின் காந்தப் புலமும் இத்தகைய பறவைகளுக்கு வழிகாட்டுகின்றன என்பர் அறிவியலார். புறப்படுமுன் நிறையத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். கட்டுச்சோறு கையில் இல்லை, உடம்பிலேயே இருக்கிறது.

பறவையின் காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, பிற்பாடு அது எங்கே கிடைக்கிறது என்று பார்க்கும் முறையால் இவ்வழிகள் பல தெரியவந்தன. மெக்லூர் என்னும் அமெரிக்க அறிஞர் தலைமையில் 1963 முதல் 1971 வரை ஆசிய நாடுகள் பலவற்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டனர். நம் பிரேசர் மலையிலும், மூடுபனி இரவுகளில் விளக்கொளிக்கு மயங்கி இறங்கும் வலசைப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டுவந்தனர். பள்ளிப்பிள்ளைகளோடு ஒருமுறை பிரேசர் மலைக்குச் சென்றிருக்கிறேன். அங்கே குளிருகிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் ஒருநாள் சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னேன். ஆசிரியர்களாகிய உங்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. தெற்கே குமரித்துறையில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம், வறுமையில் வாடும் புலவர் தம் ஊரில் உள்ள மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். பிள்ளைகள் புலவரின் குளிரையும் பசியையும் எண்ணி இரங்கினர். அவன் மட்டும் எழுந்து நின்றான்.

"நாரைக்கு எது சார் ஊரு? வடக்கா, குமரியா?"

பிறந்த இடந்தான் ஊர். கூடு கட்டுவது வடக்கே என்பதால் வடக்கே அதன் ஊர் என்றேன். நான் நூலகத்தில் படித்ததைச் சொல்ல நல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று, பள்ளி மரத்துக் குருவியும் அப்படித்தான், அதன் ஊர் சைபீரியா, இங்கே அது விருந்தாளி என்று விரித்துரைத்தேன். அவன் உட்காரவில்லை. விரல் மடக்கி எண்ணினான்.

"செப்டம்பர்ல வந்துச்சு சார். இப்ப ஏப்ரல். எட்டு மாசம் தங்குறவங்கள விருந்தாளின்னு சொல்லுவாங்களா சார்?"

வகுப்பு அமைதியாயிற்று. கரும்பலகையில் மாதங்களை எழுதிப் பார்த்தேன். வழிப்பயணத்தை ஒதுக்கிவிட்டால், கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்து முடிக்க அது வடக்கே தங்குவது மூன்று நான்கு திங்கள்தான். எஞ்சிய காலமெல்லாம் நம் வெயிலிலும் மழையிலும் கழிகிறது. நம் பூச்சியைத்தான் தின்கிறது. தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குள் தன் இனத்துப் பறவை நுழைந்தாலும் விரட்டுகிறது. விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரன்போல் வாசலில் நின்று பிறரை விரட்டுவானா? மணி அடித்தது. அடுத்த பாடம் கணக்கு. தப்பித்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் திண்ணையில் என் தந்தையார். 1936இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்தவர். இரண்டு ஆண்டு கழித்து, 1938இல், கூலிகளைத் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அவர் அந்தக் கடைசிக் கூட்டத்தில் ஒருவர். என் இளமை முழுவதும் நான் கேட்ட சொல் 'ஊர்'. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும். நாங்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் தோட்டம். ஊர் என்பது எப்போதும் கடலுக்கு அப்பால் இருந்தது. 1970இல் அவர் 'ரஜூலா' கப்பலில் பினாங்கிலிருந்து புறப்பட்டுப் போனார். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னவர் இரண்டாம் மாதமே திரும்பினார். கேட்டதற்கு, "அங்க யாரையும் எனக்குத் தெரியல தம்பி. எல்லாரும் என்னை மலாயாக்காரர்னு கூப்பிட்டாங்க" என்றார். அதற்குப் பின்னும் அவர் 'ஊர்' என்று சொல்வதை நிறுத்தவில்லை. எந்த ஊரைச் சொல்கிறார் என்று நானும் கேட்கவில்லை. 34 ஆண்டு வாழ்ந்த இடத்தை ஊர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் சிவப்பு மையில் இருந்தது அவருடைய சொல்தான் என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது.

மறுநாள் அவனை அழைத்துக் கட்டுரை ஏட்டைக் கொண்டுவரச் சொன்னேன். புள்ளியைத் திருத்திவிடும் எண்ணம். அவன் தயங்காமல் சொன்னான்: "அது அடுப்புக்குப் போயிருச்சு சார்." கோபத்தில் செய்தது போலத் தெரியவில்லை, பழைய தாள் அடுப்பு மூட்டத்தானே என்னும் குரல். அதுவே எனக்குக் கூடுதல் தண்டனையாக இருந்தது.

இந்தப் பறவையின் பெயரிலும் ஒரு வழக்கு இருந்திருக்கிறது. உருசிய அரசில் பணியாற்றிய பல்லாசு என்னும் செருமானிய அறிஞர், பைக்கால் ஏரிக்குக் கிழக்கேயுள்ள தௌரியா நிலத்தில் இதனைக் கண்டு, அந்நிலத்தின் பெயரையே அறிவியல் பெயராகச் சூட்டினார், ஆண்டு 1811. சிங்கப்பூரை நிறுவினாரே இராபிள்சு, அவர் சுமத்திராவின் பெங்கூலனில் துணை ஆளுநராக இருந்தபோது சேர்த்த உயிரினங்களைப் பற்றி எழுதியவற்றில் இதே பறவைக்கு 'அகன்ற அலகுடையது' என்னும் பொருள்பட வேறொரு பெயர் இட்டார். அது 1822இல் வெளிவந்தது. ஒருவர் அதனைப் பிறந்த மண்ணில் கண்டார். மற்றவர் வாழவந்த மண்ணில் கண்டார். நெடுங்காலம் நூல்களில் இராபிள்சின் பெயரே வழங்கிற்று. பின்னர், முதலில் இட்ட பெயருக்கே முதன்மை என்னும் விதிப்படி பல்லாசின் பெயர் நிலைத்தது. முந்தியது வென்றதே தவிர, பிறந்த மண் வாழும் மண்ணை வென்றது என்று கொள்ள இடமில்லை. இதனை நான் அறிந்தபோது அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டிருந்தான். அவனிடம் சொல்லியிருந்தால் விரல் மடக்கி வேறேதாவது கேட்டிருப்பான்.

இன்னொன்றும் அப்போது நினைத்தேன். பள்ளி வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதனைச் சூழ்ந்திருந்த பால்மரங்களின் தாயகம் பிரேசில். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் சில எங்களுக்கு அருகிலுள்ள கோல கங்சாரில் நடப்பட்டவை. அம்மரங்களுக்குப் பால் வெட்ட எங்களவர் வந்தனர். அந்த முற்றத்தில் இருந்தவை யாவற்றுள்ளும், தோட்டம் என்று ஒன்று தோன்றுமுன்னரே, அங்கே காடாக இருந்த காலத்திலிருந்தே, ஆண்டுதோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது அந்தக் குருவியின் இனம் ஒன்றுதான். அதனைத்தான் விருந்தாளி என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

இப்பறவையை வைத்து நம்மவர் நிலையைப் பேசுவது எளிது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை உரிமம் வேண்டும் என்னும் விதி வந்து, தோட்டத்து மக்கள் பல்லாயிரவர் கப்பலேறினர். பறவைக்குக் கடப்பிதழ் உண்டா, உரிமம் உண்டா என்று இலக்கிய மேடைகளில் நானே முழங்கிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அவ்வாறு பேச என் மனம் ஒப்புவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம் மூத்த மகனை இங்கே விட்டுவிட்டுப் போனார். அடுத்த செப்டம்பரில் அவர் திரும்பி வரவில்லை. பறவைக்கு அந்தத் துயரம் இல்லை. அதற்கு வேறு துயரங்கள் உண்டு.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் கிளை வெறுமையாயிற்று. செப்டம்பரில், மலாய் மொழிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, அவன் கையை உயர்த்தி அனுமதி கேட்காமலேயே "வந்திருச்சு சார்" என்றான். அதே குருவிதானா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாதம். காலில் வளையம் இல்லாமல் அதனைச் சொல்ல முடியாது என்றேன். அதே கிளைதானே சார் என்றான் அவன்.

ஐந்தாம் வகுப்புத் தேர்வில் அவன் சாதாரணமாகத் தேறினான். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பையும் முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனான். மூன்றாம் படிவத்தோடு நின்றான் என்று கேள்விப்பட்டேன். நான் மாற்றலாகி வேறு பள்ளிகளுக்குச் சென்றேன். தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டனர். செம்பனை வரிசைகளுக்குள் நான் பலமுறை நடந்திருக்கிறேன். ஒரு ஈப்பிடிப்பானையும் அங்கே கண்டதில்லை. இலையற்ற கிளை என்று ஒன்று செம்பனையில் ஏது? பிறகு நிலம் கைமாறியது. பள்ளியை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். லயங்கள் இடிந்தன. தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்தில் இப்போது இரட்டைமாடி வீடுகளின் பின்புறச் சந்து இருக்கிறது.

2009இல் ஒரு திருமண வீட்டில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் என் காலைத் தொட்டு வணங்கி, "என்னைத் தெரியுதா சார்? சம்பார்" என்றார். ஈப்போவில் ஒரு பெரிய கட்டடத்தில் பாதுகாவலராக வேலை. கட்டடம் முழுவதும் கண்ணாடி. அக்டோபர் திங்களில் விடியற்காலைகளில் சுவரோரம் பறவைகள் விழுந்து கிடக்கும் என்றார். கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் மெய்யென்று நம்பி மோதுகின்றன. பெரும்பாலானவை இறந்திருக்கும். ஒருநாள் ஒன்று உயிரோடு கிடந்ததாம். எடுத்துப் பார்த்தால் நம் குருவி. வளையமிட்ட அந்தக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தது. உணவுக் கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, துளையிட்டு, அதற்குள் வைத்துத் தம் சாவடி மேசைக்கு அடியில் இருட்டில் வைத்திருக்கிறார். மேலாளர் வரும் நேரம். பயந்துகொண்டே ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். பிறகு திறந்தபோது அது எழுந்து போய் வண்டி நிறுத்துமிடத்து மரக்கிளையில் உட்கார்ந்ததாம். "கையில இருந்தப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு சார். நெஞ்சு மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இருபதுக்கு ஆறு என்று நான் சொல்ல வந்தேன். அவர் அதை மறந்திருந்தார். அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார். திருத்திக்கொடுக்க ஏடும் இல்லை. சாப்பாட்டுக்கு அழைத்தார்கள்; போய்விட்டோம்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் செப்டம்பரில் அவரிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிக்கும் சொல் எதுவும் இராது. பறவையைக் கண்ட இடத்தையும் நாளையும் சொல்வார். நான் ஓர் ஏட்டில் குறித்துக்கொள்வேன். சிவப்பு மையில் அன்று, நீல மையில். அவர் இப்போது ஓய்வுபெற்று, மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றின் மூன்றாம் மாடியில் மகளோடு இருக்கிறார். அங்கே மரம் குறைவு. துணி உலர்த்தும் கம்பியில் வந்து உட்காருகிறது என்கிறார்.

சென்ற செப்டம்பரிலும் அழைத்தார். பேசி முடித்தபின் வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்டார்: "உங்க பக்கம் வந்திருச்சா சார்?" இன்னும் பார்க்கவில்லை என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, பின்வாசல் முருங்கை மரத்தடிக்குப் போனேன். இலை நிறைய இருந்தது. மேலே பட்டுப்போன கிளை ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தேன்.